இரண்டாவது பட்டியல்

"சார், உங்க ஸ்டோர்டு புரொசீஜரை ஓட்டினா ரெண்டு ரிசல்ட் செட் வருதே? ஒரு பட்டியல் போதாதா?" என்று கேட்டாள் புதிதாக வேலைக்கு வந்திருந்த புரோகிராமர்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்றைக்காவது யாராவது கேட்பார்கள் என்று தெரியும்.

தனியாக வாழும் முதியவர்களைத் தினமும் காலையில் போனில் நலம் விசாரிக்கும் அலுவலகம் அது. அன்றைக்கு யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று டேட்டாபேஸிலிருந்து எடுத்துக் கொடுக்கும் அந்த புரொசீஜரை மூன்று வருடங்களுக்கு முன்பு வெளியிலிருந்து எழுதிக் கொடுத்தவர் அவர்; அதில் சந்தேகம் கேட்கத்தான் இன்றைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"முதல் பட்டியல்ல நூத்திப் பன்னிரண்டு பேர். சரி. ரெண்டாவதுல ஒரே ஒரு நம்பர். யாரோடது?"

"என்னோடது. லைன் ஒழுங்கா போகுதான்னு பார்க்க அப்போ போட்டது."

"மூணு வருஷமாவா பார்க்கறீங்க?" அவள் சிரித்துவிட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. வேலை முடிந்த கையோடு அழித்திருக்க வேண்டிய வரி. அதே மாதம் மனைவி இறந்துபோனாள். பிறகு அழிக்க மனம் வரவில்லை. காலை ஒன்பது மணிக்குப் போனில் ஒரு குரல் வரும்: "பட்டியல்ல வந்துட்டீங்க சார், விட முடியுமா? சாப்பிட்டாச்சா?" இரண்டு நிமிடம். அதோடு மறுநாள் ஒன்பது மணி வரை அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கிடையாது.

"எடுத்துடட்டுமா சார்?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இருந்துவிட்டுப் போகட்டுமே என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. இந்த வயதில் இதை எப்படி வாய்விட்டுக் கேட்பது?

"எடுத்துடுங்கம்மா," என்றார்.

எழுந்து அறைக் கோடிக்குப் போனார். ஹெட்போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள் அந்தக் குரலுக்குரிய பெண். முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"நாளையிலேர்ந்து என் நம்பர் பட்டியல்ல வராதும்மா. உங்களுக்கு ஒரு கால் மிச்சம்."

அவள் ஹெட்போனை மேசைமேல் வைத்தாள். "இருமல் நின்னுச்சா சார்? காலையில கேக்க மறந்துட்டேன்."

"பரவால்ல. நின்னுடுச்சு."

சொல்லிவிட்டும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"எடுத்தாச்சு சார்!" பின்னாலிருந்து புரோகிராமரின் குரல் கேட்டது. "எடுத்ததுல ஒண்ணும் மாறப் போறதில்ல. நம்ம புது புரோகிராம் முதல் பட்டியலை மட்டும்தான் வாங்கிக்குது. ரெண்டாவது பட்டியல் போன் பண்றவங்க ஸ்கிரீனுக்கு வந்தே எட்டு மாசம் ஆச்சு."

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

அவள் சட்டென்று குனிந்து, மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்த துண்டுத்தாளை உள்ளங்கையால் மூடினாள். விரலிடுக்கில் தெரிந்த கடைசி நான்கு எண்கள் அவருடையவை.