ஐம்பத்தாறு கிலோ

வயிற்றில் தண்ணீர் குலுங்கியது.

அவன் படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினான். ஒன்றேகால் லிட்டர். நான்கரை மணி முதல் குளியலறையில் நின்று மிடறு மிடறாகக் குடித்தது.

விடுதியின் கீழ்த்தளத்தில் சாப்பாட்டு மேசைகளை ஒதுக்கி எடைப்பொறியை வைத்திருந்தார்கள். வெளியே தாப்பா நகரம் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

பத்து மணிக்குப் பந்தயம். ஐந்தாம் நாள். இன்று கேமரன் மலை.

பந்தய நாள்களில் காலையின் முதல் வேலை இதுதான். அணியின் ஆறு பேரும் உள்ளாடையோடு வரிசையில் நிற்பர். ஒருவர்பின் ஒருவராகப் பொறியில் ஏறுவர். மருத்துவர் எண்ணைக் குறித்துக்கொள்வார். மற்ற ஐவருக்கும் அஃது ஒரு சடங்கு.

அவனுக்கு மட்டும் ஒரு வரம்பு உண்டு.

ஐம்பத்தாறு கிலோ. அதற்குக் கீழே ஒரு புள்ளி குறைந்தாலும் அன்று மிதிவண்டியைத் தொடக் கூடாது.

வரம்பை விதித்தவர் மருத்துவர் அமுதவல்லி. எடையைக் குறைக்கச் சொன்னவர் பயிற்சியாளர் குணாளன்.

நாற்பது நிமிட ஏற்றத்தில், குறைகின்ற ஒவ்வொரு கிலோவுக்கும் நாற்பது வினாடி மிச்சம். குணாளனின் கணக்கு அது. கணக்கில் பிழையில்லை. அறுபத்திரண்டு கிலோவில் பன்னிரண்டாவதாக வந்தவன், ஐம்பத்தொன்பதில் மூன்றாவதாக வந்தான். ஐம்பத்தேழில் வென்றான்.

அதன்பின் எவரும் போதும் என்று சொல்லவில்லை.

அவனுக்கும் நிறுத்தத் தெரியவில்லை. சோற்றை எடைபோட்டுத் தின்றான். தங்கையின் திருமணத்தில் பாயசம் வருமுன்பே இலையை மடித்துவிட்டு எழுந்தான்.

இப்போது படி ஏறினாலே தொடை நடுங்குகிறது.

நேற்று ஓர் இறக்கத்தில், மணிக்கு எழுபது கிலோமீட்டர் வேகத்தில், கண் இருண்டது. ஒரு கணம்தான். வெளிச்சம் திரும்பியபோது சாலையோரத் தடுப்புக்கம்பி ஒரு முழத் தொலைவில் இருந்தது.

எவரிடமும் அவன் சொல்லவில்லை.

மொத்த நேரத்தில் அவன் இரண்டாம் இடம். பதினொரு வினாடிதான் வேறுபாடு. நான்கு நாள்களாக ஐந்து பேர் எதிர்க்காற்றைத் தம் நெஞ்சில் வாங்கி, அவனை அங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். மலையில் ஏறவேண்டியவன் அவன் ஒருவனே. என்னால் முடியவில்லை என்று அந்த ஐவரின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

வரிசையில் முன்னால் நின்ற விக்டர் எழுபத்தெட்டுக் கிலோ. திரும்பி, அவனுடைய விலா எலும்புகளை விரலால் எண்ணினான்.

“காத்து பலமா இருக்கு லா. இன்னைக்கு உன்னைக் கயித்துல கட்டித்தான் இழுத்துட்டுப் போகணும்.”

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வயிறு வலித்தது.

அவன் முறை வந்தது. ஏறி நின்றான்.

56.3.

நேற்றும் அதே எண். முன்தினமும் அதே எண்.

மருத்துவர் எழுதவில்லை. அவன் கன்னங்களைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பார்த்தார். அவர் குரலில் கடுமை இல்லை.

“ஒண்ணுக்குப் போயிட்டு வாங்க தம்பி. அப்புறம் நில்லுங்க.”

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

கழிவறையில் அவன் நெடுநேரம் நின்றான். பாதியில் நிறுத்திக்கொள்ள முடியும். பழகிய வேலைதான்.

நிறுத்தவில்லை.

உள்ளங்கையால் அடிவயிற்றை அழுத்தி, கடைசிச் சொட்டுவரை போகவிட்டான். உடம்பு காலியாக ஆக, நெஞ்சில் ஏதோ தளர்ந்தது.

அவன் சொல்ல இயலாததை அந்தப் பொறி சொல்லிவிடும். அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். ஐவரும் அவனைக் குறைசொல்லமாட்டார்கள். எண்ணைத்தான் சொல்வார்கள்.

திரும்பி வந்தபோது மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மருத்துவர் மேசையருகில் அமர்ந்திருந்தார். குணாளன் பொறிக்குப் பின்னால், சுவரோரமாக நின்றார்.

அவன் ஏறினான்.

55.4.

மூச்சை மெல்ல வெளியே விட்டான்.

மருத்துவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி அணிந்துகொண்டு எழுந்து வந்தார். குனிந்தார்.

55.8.

56.1.

எண் அங்கேயே நின்றது.

அவன் அசையவில்லை. எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. பிடரியில் யாரோ மூச்சு விடுவது மட்டும் தெரிந்தது. கண்ணைத் தாழ்த்தினான். இடக் குதிகாலுக்குப் பின்னால், பொறியின் விளிம்பில், ஒரு காலணியின் நுனி.

“ஐம்பத்தாறு ஒண்ணு. சரியாத்தான் இருக்கு டாக்டர்,” என்றார் குணாளன்.

மருத்துவர் அவன் முகத்தை மீண்டும் ஒருமுறை பார்த்தார். ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்ப்பவர்போல் சற்றே காத்திருந்தார்.

அவர் பேனாவைத் திறந்து, தாளில் அவன் பெயரைத் தேடினார்.

குறித்து முடிக்கும்வரை எவரும் பொறியைவிட்டு இறங்குவதில்லை. குணாளனே வகுத்த ஒழுங்கு அது. இத்தனை ஆண்டுகளில் அவன் அதனை மீறியவன் அல்லன்.

அவன் இறங்கினான்.

தரை குளிர்ந்திருந்தது.

காலடி ஓசை கேட்டு மருத்துவர் நிமிர்ந்தார். பொறியின் மேல் இப்போது யாரும் இல்லை.

திரையில் 0.7 என்று இருந்தது.