பிளாப்பியைக் காணோம்

தச்சநல்லூர் காந்திமதிநாதன் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அமெரிக்காவில் இருக்கும் மகள் சித்ரலேகா அனுப்பிய மெயிலெல்லாம் அதோடு போயின. புருஷன் வாசிக்க, கோமு உட்கார்ந்து கேட்ட மெயில்கள். அவள் அழுதே விட்டாள்.

பழுதுபார்க்க வந்த மகேஷ் சிரித்தான். “அழாதீங்க மதினி. தினமும் சாயங்காலம் மெயிலையெல்லாம் அதுவே பிளாப்பியில நகல் எடுக்கும்படி வச்சிருக்கேன்லா?”

“அதுவே எடுக்குமாம்! ஆள் பாக்காத வேலை உருப்படுமாலே?” என்றார் காந்திமதிநாதன்.

மகேஷ் பார்த்தான். பிளாப்பி இருக்கவேண்டிய இடம் காலி.

“பாத்தியா? மிஷினு தின்னுட்டு.”

“மிஷினு பிளாப்பியத் திங்காது அண்ணாச்சி. யாரோ எடுத்திருக்காங்க.”

கோமு புருஷனை முறைத்தாள். “இந்த வீட்டுல நாம ரெண்டு பேருதான். பேத்தி பேசின மொத வார்த்தையக்கூட சித்ரா அதுலதான் எழுதியிருந்தா. எங்கங்க அது?”

“ஒடிச்சுத் தெருவுல எறிஞ்சேன்.”

“ஐயோ, ஏன்?”

“சாவுச் செய்தி வந்த கடுதாசிய வாசிச்ச கையோட கிழிச்சு வெளிய போடணுமா இல்லையா? இந்தக் கிறுக்கு மிஷினு நல்லது கெட்டது தெரியாம அதையும்லா நகல் எடுத்து வீட்டுல வச்சிருக்கு!”

கோமு அவர் கையைப் பிடித்தாள். “சாவா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! யாருங்க போனது?”

“சித்ரா வளத்த பூனை,” என்றார் காந்திமதிநாதன். “நான் அன்னைக்கே தலை முழுகிட்டேன். நீயும் போயிக் குளி.”