நினைவுக் குழு

மூன்றாவது முறையாக ஒலிபெருக்கி அவரைக் கொன்றது.

"அமரர் வைரக்கண்ணு நினைவுக் கபடிக் குழு வீரர்கள் உடனே களத்துக்கு வரவும்."

முன்வரிசை நாற்காலியில் அமரர் பல்லைக் கடித்தார்.

வீரர்களின் சட்டையில் அவர் பெயரோடு 'நினைவு' மட்டும்தான் இருந்தது. அது அச்சடித்த கடைக்காரன் சேர்த்தது. ஊர்ப்பட்ட குழுக்கள் எல்லாம் செத்தவர் பெயரில் இருக்க, இது மட்டும் எப்படி வேறாக இருக்கும் என்று அவனே முடிவு செய்துவிட்டான். 'அமரர்' அறிவிப்பாளனின் சொந்தச் சரக்கு.

காலையிலேயே மேடைக்குப் போய், மைக்கைக் கேட்டுச் சொல்லிப் பார்த்தார்.

"தம்பி, வைரக்கண்ணு உயிரோடதான் இருக்காரு."

"சட்டையிலயே போட்டிருக்கே பெருசு," என்றான் அறிவிப்பாளன்.

சட்டை கொடுத்த போர்வெல் முதலாளியைப் போனில் பிடித்தார். ஒரு சொல்தானே, அடுத்த வருடம் மாற்றிவிடலாம் என்றான் அவன்.

அடுத்த வருடமாம்.

முப்பது வருடத்துக்கு முன் அவர் ஆரம்பித்தபோது அது முல்லை கபடிக் கழகம். லாட்ஜ்காரர் சட்டை கொடுத்த வருடங்களில் லாட்ஜின் பெயர். பிறகு மரவாடியின் பெயர். ஒருவன் நன்றாகப் பாடிப்போகக் கற்றுக்கொண்டால் போதும், பெரிய ஊர்க் குழு வந்து கொத்திக்கொண்டு போய்விடும். மிச்சமிருப்பவர்களோடு அரையிறுதி வரை வந்து தோற்பது குலவழக்கமாகவே ஆகிவிட்டது. களத்துக்குக் கோடு போட்டதும் அவர்தான், வீங்கிய முட்டிகளுக்குத் தைலம் தேய்த்ததும் அவர்தான். பெயர் மட்டும் எவனெவனுடையதோ.

இந்த வருடம்தான் போர்வெல்காரன் அவர் பெயரை வைத்தான். அதுவும் இந்த லட்சணத்தில்.

விளையாடும் ஏழு பேரையும் போர்வெல்காரன் வெளியூர்களிலிருந்து பிடித்திருந்தான். நேராக மைதானத்தில் வந்து இறங்கினார்கள். அவரை ஒருவனுக்கும் தெரியாது.

இறுதிப் போட்டிக்கு முன் மௌன அஞ்சலி. கூட்டம் எழுந்தது. அவர் வீம்பாக உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிங்கய்யா. செத்தவருக்கு ஒரு மரியாத வேணாமா?" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

எழுந்தார். தனக்குத் தானே தலை குனிந்து நின்றார்.

முதல் பாதியில் குழு மோசமாகப் பின்தங்கியது. அவர் தொண்டை கிழியக் கத்தினார். ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

இடைவேளையில் கயிற்றைத் தாண்டி அவர்களிடம் நடந்தார். உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்றுதான் போனார்.

கேப்டன் தன் நெஞ்சில் இருந்த பெயரைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"இந்தக் குழு ஒரு கப்பு கூட வாங்குனதில்லையாம்டா. பாவம், பாக்காமலே போய்ச் சேந்துட்டாரு மனுசன். இன்னைக்காவது வாங்கிக் குடுப்போம்டா."

ஏழு பேரும் அந்தப் பெயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அவர் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தார்.

ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள்.

சந்தோஷமும் எரிச்சலும் அவருக்கு ஒன்றாக வந்தன. முப்பது வருடம் உயிரோடு கத்தியதற்கு வராத கோப்பை, ஒரு நாள் செத்ததற்கு வந்துவிட்டது.

"அமரரின் குடும்பத்தார் யாரேனும் இருந்தால் மேடைக்கு வரவும்."

அவர் ஏறினார்.

கேப்டன் மண் ஒட்டிய கைகளால் கோப்பையை நீட்டினான். அழுதிருந்தான்.

"ஐயா, அவருக்கு நீங்க என்ன வேணும்?"

அறிவிப்பாளன் மைக்கை அவர் வாயருகே கொண்டுவந்தான். காலையிலிருந்து அவர் கேட்ட மைக்.

கோப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"தூரத்துச் சொந்தம்ப்பா."