ஒரே சாம்பல் நிறம்

வெளியே கார்டன் ரீச் துறைமுகப் பகுதி மழையில் கரைந்துகொண்டிருக்கிறது. அலுவலகத்தில் பகலிலேயே டியூப்லைட் எரிகிறது. எங்கள் சரக்குக் கணக்கு மென்பொருளின் எல்லாப் பக்கங்களையும் நான் ஒரே அச்சில் வார்த்துவிட்டேன். தலைப்பு மேலே, பொத்தான்கள் வலது ஓரத்தில், எங்கும் ஒரே சாம்பல் நிறம். இனிக் கண்ணை மூடிக்கொண்டே வேலை பார்க்கலாம் என்று மேலாளர் மித்ராதாவிடம் பீற்றிக்கொண்டதற்குக் கூலியாக, அவர் கையில் சந்தேஷ் இனிப்புப் பெட்டி. இருவரும் கணக்குப் பதியும் விஜயா அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறோம். அக்காவின் மூக்கு திரைக்கண்ணாடியைத் தொடுகிறது. கை மவுஸின் மேல் அசையாமல் கிடக்கிறது. “தம்பி, இப்ப நான் எந்தப் பக்கத்துல இருக்கேன்?” என்கிறார் தமிழில், மித்ராதாவுக்குப் புரியக்கூடாதென்று. “மேல தலைப்பு இருக்கே அக்கா.” “எழுத்தெல்லாம் கலங்கித் தெரியுது. வரவு பச்சை, செலவு மஞ்சள், கோணப் பொத்தான் வந்தா வாடகைன்னு இத்தன நாளும் ஓட்டிட்டேன். அவர்ட்ட சொல்லிராதப்பா, வேல போயிரும்.” அந்தக் கோணல் பொத்தானைப் பார்த்து ஊரெல்லாம் கேட்கச் சிரித்துவிட்டு அழித்தவன் நான்தான். “என்ன சொல்கிறார்?” என்று மித்ராதா வங்காளத்தில் கேட்கிறார். “அழகாக இருக்கிறதாம்” என்கிறேன். அவர் மகிழ்ந்துபோய் ஒரு சந்தேஷை என் வாயில் திணிக்கிறார். வாய் நிறைய இனிப்போடு, “இது வரவு, அக்கா” என்று முணுமுணுக்கிறேன். திரையில் அக்காவின் அம்புக்குறி தயங்கித் தயங்கி நகர்ந்து, கண்ணுக்குக் குளிர்ச்சி என்று நான் காலியாக விட்ட இடத்தில் போய் நிற்கிறது.