முதலில் எதை மாற்றுவது?

"முதல்ல பிரேக்கை மாத்திடுவோம். சீட்டுக்கு என்ன அவசரம்?" என்றார் மெக்கானிக்.

இருப்புக்கொள்ளாமல் தன் பழைய பிக்கப் வண்டியையே சுற்றி வந்தவர், "இல்ல, சீட்டுதான் முதல்ல. முன்னாடி தள்ளுற மாதிரி வேணும்" என்றார்.

"இருபது வருஷம் குத்தாத சீட்டு, இன்னிக்குத்தான் குத்துதாக்கும்" என்றாள் அவர் மனைவி.

"முன்னாடி தள்ளினா உங்க முட்டி இடிக்குமே சார்" என்றார் மெக்கானிக்.

"எனக்கில்ல, இவளுக்கு. பிரேக் புதுசா இருந்தாலும் கால் எட்டணுமே."

மனைவி சிரித்தாள். "லைசென்ஸ் எடுத்ததோட சரி. நான் எதுக்கு ஓட்டணும்?"

அவர் தலை குனிந்தபடி சொன்னார். "இனி நான் ஓட்டக்கூடாதாம். கண் டாக்டர் போன வாரமே சொல்லிட்டார். போன பார்வை திரும்பாதாம்."

அவள் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, காலை நீட்டிப் பார்த்தாள்.

"நாலு விரக்கடை குறையுது" என்றாள் மெக்கானிக்கிடம். "அளவெடுத்துக்குங்க."