சமூக அறிவியல் மக்கு

“சட்டம் இயற்றுறது யாரு?”

“நீதிமன்றம்.”

அம்மா இஸ்திரிப் பெட்டியைச் சட்டென்று நிமிர்த்தி வைத்தாள். வந்த கோபத்துக்கு அப்படியே விட்டிருந்தால், அடியில் இருந்த சட்டை யாருடையதோ, பாவம், கருகியிருக்கும்.

“நேத்து தொண்டை கிழியச் சொன்னேனேடி! மண்டைல மூளை இருக்கா, இல்ல வாடகைக்கு விட்டுட்டியா?”

பத்தாவது படிக்கிற மகள் பாவமாக விழித்தாள். “மறந்துபோச்சும்மா. இன்னொரு தடவை சொல்லேன்.”

அம்மா வேலை பார்க்கும் சலவைக் கடையின் பின்னறையில் தினமும் சாயங்காலம் இதே கூத்துதான். மற்ற பாடமெல்லாம் பெண் தானே படித்துக்கொள்வாள். சமூக அறிவியல் என்றால் மட்டும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்துவிடுவாள். வந்து, கேட்டதற்கெல்லாம் தப்பாகவே பதில் சொல்லுவாள்.

அம்மாவுக்குப் பயம். அவளும் பத்தாவதில் இந்த ஒரு பாடத்தில்தான் கோட்டை விட்டாள். அத்தோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள்தான். இவளும் கோட்டை விட்டால்? இதே மேஜை, இதே இஸ்திரிப் பெட்டி. ஐயோ, வேண்டவே வேண்டாம்!

அதனால் துணி வராத நேரத்தில் அம்மாவே புத்தகத்தைப் பிரித்து உட்கார்ந்தாள். படித்தால்தானே திட்டவாவது முடியும்!

“இங்க பாரு. முதலாளியம்மா கடைக்கு விதி போடுறாங்கல்ல? அது சட்டமன்றம். அதும்படி வேலை வாங்குறாரே மேனேஜர், அவருதான் அரசாங்கம். சட்டையைக் கருக்குனது யாருன்னு தகராறு வந்தா, விதியைப் பார்த்து நியாயம் சொல்றவங்க நீதிமன்றம். ஏறுச்சா?”

“ஏறிடுச்சும்மா.”

“சரி, அட்சரேகை எப்படிப் போகும்?”

“மேலேர்ந்து கீழ.”

“போச்சு போ!” அம்மா கட்டம் போட்ட சட்டை ஒன்றை உதறி விரித்தாள். “குறுக்கே போகுது பாரு, இது அட்சரேகை. காலர்லேர்ந்து கீழ இறங்குது பாரு, இது தீர்க்கரேகை. சட்டையை நினைச்சுக்கோ, மறக்காது.”

மறுநாளும் மகள் திருதிருவென்று விழித்தாள்.

பரீட்சை நெருங்கிவிட்டது. அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாதி வேலையைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டாள்.

“டீச்சர், என் பொண்ணைக் கொஞ்சம் கரையேத்தி விடுங்க. சமூக அறிவியல்ல சுத்த மக்கா இருக்கா.”

டீச்சர் சிரித்தேவிட்டார். “உங்க பொண்ணா? இந்தப் பாடத்துல கிளாஸ்லயே அவதானே முதல்! மத்த பிள்ளைங்களுக்கே அவதான் சொல்லித் தர்றா. கட்டம் போட்ட சட்டையை வெச்சு அட்சரேகை சொன்னா பாருங்க, நான்கூட இனிமே அப்படித்தான் நடத்தப் போறேன்.”

அம்மா வந்த வேகத்தில் கடைக் கதவு படாரென்று அடித்துக்கொண்டது.

“ஏன்டி, என்னைப் பார்த்தா கேணச்சியாத் தெரியுதா? எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே என்னைக் கத்த விட்டியே, உனக்கு அது விளையாட்டா?”

“அப்புறமாத் திட்டும்மா. முதல்ல இதைச் சொல்லு. குடியரசுன்னா என்ன?”

“தலைவர் பரம்பரையா வராம, மக்கள் வழியாத் தேர்வாகி வந்தா குடியரசு. பேச்சை மாத்தாதே!”

“பூமத்திய ரேகைக்கு எத்தனை டிகிரி?”

“பூஜ்யம். ஏன்டி, நான் கேக்குறது காதுல விழலையா?”

மகள் கேட்டுக்கொண்டே போனாள். அம்மா திட்டிக்கொண்டே பதில்களைக் கொட்டினாள். ஒன்றுகூடத் தப்பில்லை.

மகள் புத்தகத்தை மூடினாள். கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்தது.

“நீ பாஸும்மா! ஃபெயிலான ஒரு பாடத்தை மட்டும் தனியா எழுதலாமாம். பள்ளிக்கூட ஆபீஸ்ல விசாரிச்சுட்டேன்.”

அம்மா அப்படியே மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

“அதை... அதை நேராச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடி?”

“உனக்காகன்னு சொன்னா நீ எதைம்மா செஞ்சிருக்கே? நான் மக்கா இருந்தாத்தானே நீ படிப்பே!”