பூவரசன் ஓடாத நாள்

"எந்திரிடா."

"முடியலடா."

"இதைத்தான் நாலு மாசமா சொல்ற. எந்திரி, நட, பேசு. அவ்ளோதான் வேலை. பக்ரீத் ஆடுகூட இப்டி நடுங்காது!" ஒவைஸ் பூவரசனின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியில் சாப்பாட்டுச் சங்கு ஊதி அஞ்சு நிமிஷம் ஆகியிருந்தது. இருநூறு பேரும் கேன்டீனுக்குப் பறந்துவிட்டார்கள். பூவரசன் மட்டும் செக்கிங் டேபிளில், ஸ்டூலை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவன் நெற்றியில் வடிந்த வியர்வையில் ஒரு லாரி லோடு தோலை ஊறப் போடலாம்.

ஷூவில் ஒரு தையல் தப்பியிருந்தால் பத்தடி தள்ளி இருந்தே கண்டுபிடித்துவிடுகிற கில்லாடி அவன். ஆனால் தமிழினி பத்தடி தூரத்தில் வந்தால் சொந்தப் பெயரே மறந்துவிடும். தோலின் ஓரத்தில் பசை தடவி மடிக்கிற ஃபோல்டிங் டேபிள் அவளுடையது. அந்தப் பசைக்குக் கம்பெனியில் சொல்யூஷன் என்று பெயர்.

நாலு மாசமாக அவளைக் கண்டு பூவரசன் ஓடிய ஓட்டத்தைக் கூட்டினால், ஏலகிரிக்கு ஏழு தரம் ஏறி இறங்கியிருக்கலாம். பஸ் ஸ்டாண்டில் அவள் சிரித்தாள் என்று திருப்பத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டான்; வீடு இருப்பதோ பேர்ணாம்பட்டில். இன்று டீ முடிந்து வரும்போது அவள் பிரஷ்ஷும் கையுமாக இவன் டேபிள் பக்கம் நிற்பதைப் பார்த்து, பாத்ரூமுக்குள் போய்ப் பத்து நிமிஷம் தாழ் போட்டுக்கொண்டான். கேன்டீனில் ஒருநாள் "தண்ணி ஜக்க இப்டி தள்ளுங்க" என்றாள். ஜக்கோடு பின்வாசல் வழியாகப் போனவன், மறுநாள்தான் வேலைக்குத் திரும்பினான்.

"நாளைக்கு அவள பொண்ணு பாக்க அரக்கோணத்துலேர்ந்து வர்றாங்கடா," என்றான் ஒவைஸ். "மாப்ள ரயில்வேல. இன்னிக்கு பேசலன்னா, அவ கல்யாணத்துல நீ பந்தி பரிமாறலாம்."

"தோஸ்த், நெஜமாவே முடியலடா. ஒட்டிக்கிச்சு."

"இன்னாது, நாக்கா?"

"பேண்ட்டு!"

ஒவைஸ் குனிந்து பார்த்தான். இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினான். பூவரசன் எழுந்தான், அவனோடு ஸ்டூலும் எழுந்தது. இரும்பு ஸ்டூல், யானைக்குட்டி கனம். பேண்ட்டின் பின்பக்கம் எங்கேயோ 'சர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டதும், பூவரசன் பதறிப்போய் மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

"எவன்டா சொல்யூஷன கொட்டனது?"

"என்னிய இன்னாத்துக்கு மொறைக்கிற? அல்லா சத்தியமா நான் இல்ல. இரு, ஸ்டோர்ல தின்னர் வாங்கியாந்து ஊத்தி கரைக்கறேன். அசையாத."

"எங்கடா அசையறது!"

ஒவைஸ் ஓடினான். போகிறபோது பழக்கத்தில் லைட்டையும் அணைத்துவிட்டுப் போனான். அரையிருட்டில் நூறு தையல் மெஷினும் தலையைக் குனிந்துகொண்டு இவனையே பார்ப்பது போலிருந்தது.

செருப்புச் சத்தம் கேட்டது. தமிழினி, கையில் டிபன் பாக்ஸ்.

பூவரசனின் கால்கள் இருந்த இடத்திலேயே ஓடின. உடம்புதான் கூட வரவில்லை.

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "சாப்ட போலீங்களா?"

"பசிக்கல." நாலு மாசத்தில் அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான். அதுவும் பொய்.

"நாளைக்கு வர்றாங்க, தெரியும்ல? சரின்னு சொல்லுடின்னு அம்மா உயிர வாங்குது. சாயங்காலம் வேன் எறங்கி வூட்டுக்குப் போனா, நான் எதுனா ஒண்ணு சொல்லியாகணும்."

பூவரசன் வாசலைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். சுவரில் பச்சைப் பலகையில், ஓடுகிற மனிதப் படம் போட்டு, அவசர வழி என்று எழுதியிருந்ததை ஏக்கத்தோடு பார்த்தான். எலிப்பொறியில் மாட்டிய எலிக்காவது ஒரு மசால்வடை உண்டு.

"இன்னா சொல்லட்டும்?" தமிழினியின் குரல் லேசாக உடைந்தது.

பூவரசனால் ஓட முடியவில்லை. அதனால், நாலு மாசமாக நெஞ்சுக்குள் அடைந்து கிடந்ததெல்லாம் தானாக வாய் வழியே தப்பித்து ஓடி வந்தது.

"வரவேணான்னு சொல்லு! எனக்கு உன்ன புடிக்கும். நீ வேலைக்கு சேர்ந்த நாள்லேர்ந்து புடிக்கும். ரொம்ப ஜாஸ்தி புடிக்கும். எங்கம்மாவ கூட்டினு நானே வர்றேன். நாளைக்கே வர்றேன். அவங்க வர்றதுக்கு முன்னாடியே வர்றேன்!"

சொல்லி முடித்துவிட்டு மூச்சு வாங்கினான். அரக்கோணம் ஜங்ஷனில் எக்ஸ்பிரஸ் வந்து நின்ற மாதிரி ஒரு மூச்சு.

தமிழினி முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பூவரசன் பதறினான். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீரும் இருந்தது, வாய் நிறையச் சிரிப்பும் இருந்தது.

"நெஜமா வருவீங்களா? எங்கப்பாவ பாத்ததும் ஓடிட மாட்டீங்களே?"

பூவரசனுக்குத் திடீரென்று நெஞ்சு ரெண்டு இன்ச் விரிந்தது.

"ஓடறதா? நானா? நீ வந்ததுலேர்ந்து எப்டி அசையாம உக்காந்திருக்கேன், பாத்தல்ல? அதுக்கெல்லாம் தில்லு வேணும், தில்லு!"

தமிழினி எழுந்து டிபன் பாக்ஸைத் திறந்து அவன் மடியில் வைத்தாள்.

"ஒரு கோட் சொல்யூஷனுக்கெல்லாம் நீங்க நிக்கமாட்டீங்கன்னுதான், ரெண்டு கோட் அடிச்சேன்."